முதலில் தராசைச் சோதியுங்கள்

சென்ற வருடம் நானும் மச்சானும் சீட்டுக்காசை எடுத்து, லண்டனில் மிளகாய்த்தூள் பொதிசெய்து கடைகளுக்குக் கொடுக்கும் சிறு தொழிலைத் தொடங்கினோம். அந்த நேரம் ஒருவர் எங்களிடம் வந்தார். போட்டியாளர்களின் விலை, விளம்பரம், புதிய பொருட்கள் எல்லாவற்றையும் கவனித்துச் சொல்லும் மென்பொருளொன்றை மாதம் 90 பவுணுக்குத் தருவதாகச் சொன்னார். ஒரு வருட ஒப்பந்தம். மொத்தம் 1,080 பவுண். மச்சானுக்கு உடனே பிடித்துக்கொண்டது.

நான் பள்ளிக்கூடத்தோடு படிப்பை விட்டவன். இதைப்பற்றி எனக்கென்ன தெரியும் என்று முதலில் பேசாமல் இருந்தேன். ஆனால் நான் வேலை செய்யும் உணவுத் தொழிற்சாலையில், தினமும் வேலை தொடங்குமுன் தராசில் ஒரு கிலோப் படிக்கல்லை வைத்துப் பார்ப்போம். நிறை தெரிந்ததைச் சரியாகக் காட்டினால்தான் நிறை தெரியாததை அதில் வைக்கலாம். இந்த மென்பொருளையும் அப்படிச் சோதித்தால் என்ன என்று நினைத்தேன்.

இரண்டு கிழமைக்கு இலவசமாகப் பாவித்துப் பார்க்கக் கேட்டு வாங்கினோம். எங்களுக்கு நன்றாகத் தெரிந்த மூன்று வியாபாரிகளின் பெயர்களைக் கொடுத்தோம். ஒருவர் கடையைப் பூட்டி ஆறு மாதம். அது இன்னும் நடப்பதாகக் காட்டியது. இன்னொருவரின் பழைய விலையைக் காட்டியது. மூன்றாமவரைப் பற்றி ஒன்றுமே இல்லை. அவர் விலையை மட்டையில் எழுதித் தொங்கவிடுபவர்.

பிறகு இலவசமாகக் கிடைப்பவற்றையும் பார்த்தோம். 2003இல் வந்த கூகிள் அலேர்ட்ஸில் ஒரு பெயரைக் கொடுத்தால், இணையத்தில் அதைப்பற்றிப் புதிதாக வருவதை மின்னஞ்சலில் அனுப்பும். 2001 முதல் எல்லோரும் பாவிக்கக்கூடிய வேபாக் மெஷினில், சேமித்து வைத்த பழைய இணையப் பக்கங்களைப் பார்க்கலாம். பிரித்தானியக் கம்பனிப் பதிவகத்தில் உள்ள ஆவணங்களை 2015 முதல் காசில்லாமல் பார்க்கலாம். ஆனால் தனியார் கம்பனிகள் வருடக் கணக்கை முடித்து ஒன்பது மாதம் வரை தாமதித்துக் கொடுக்கலாம். ஆகவே அதில் தெரிவது அநேகமாகப் பழைய நிலைமைதான்.

கடைசியில் சனிக்கிழமைகளில் கொப்பியோடு கடை கடையாக நடந்தோம். மலிவாக விற்கிறார் என்று நாங்கள் பயந்த ஒருவரின் பக்கெற் முன்பு ஒரு கிலோ; இப்போது 900 கிராம். விலையை மட்டும் பார்த்த மென்பொருள் அதைச் சொல்லவில்லை. எங்கள் விலையைக் குறைக்காமல் விட்டோம்.

இணையத்தில் ஆயிரக்கணக்கான பொருட்களை விற்கும் பெரிய கம்பனிகளுக்கு இப்படியான மென்பொருள் உதவலாம். எங்களைப் போலப் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கையெழுத்து வைக்குமுன், உங்களுக்கு விடை தெரிந்த நாலு கேள்விகளை அதனிடம் கேட்டுப் பாருங்கள். விற்க வந்தவர் அதற்கு இடம் கொடுக்காவிட்டால், தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.