மருந்து

எங்கள் தொண்டாமுத்தூர்ப் பக்கத்தில் பூச்சிக்கொல்லிக்கும் மருந்து என்றுதான் பெயர். தக்காளிக்கு மருந்தடிப்பார்கள், காய்ச்சலுக்கு மருந்து சாப்பிடுவார்கள், ‘மருந்தக் குடிச்சுட்டான்’ என்றால் ஒருவன் சாகத் துணிந்துவிட்டான் என்று பொருள். இந்த ஒரு சொல் எவ்வளவு பொருத்தமானது என்பது வேதியியல் படித்த பிறகே எனக்கு விளங்கியது.

அது 1989 ஆடி மாதம். எனக்குப் பதினான்கு வயது. தக்காளியில் காய்ப்புழு விழுந்திருந்தது. மருந்தடிக்க வந்தவரை நான் அண்ணன் என்றே அழைப்பேன். மோனோகுரோட்டோபாஸ் குப்பியின் மூடிதான் எங்களுக்கு அளவை. “புழு சாவ மாட்டேங்குது, ஒரு மூடி சேத்து ஊத்துடா” என்றார் அப்பா. ஊற்றிக் குச்சியால் கலக்கித் தெளிப்பானில் நிரப்பியவன் நான். அண்ணனுக்குக் கையுறை இல்லை, முகத்துக்குத் துணி இல்லை, மேல்சட்டைகூட இல்லை. மலைப்பக்கமிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. பிற்பகலில் வாய்க்கால் மேட்டில் சரிந்து கிடந்தார். வாயிலிருந்து எச்சில் நிற்காமல் வழிந்தது. கண்ணின் பாவைகள் கடுகளவாகச் சுருங்கியிருந்தன.

நரம்பு தன் செய்தியைத் தசைக்கும் சுரப்பிக்கும் சொல்வது அசிட்டைல்கோலின் என்ற சிறிய மூலக்கூறின் வழியாக. அது ஏற்பி என்னும் புரதத்தில் பொருந்தியதும் கதவு திறக்கிறது. சொல்லி முடித்த செய்தியை உடனே அழித்தாக வேண்டும். அழிப்பது அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. அதன் ஒரு மூலக்கூறு நொடிக்குப் பல ஆயிரம் அசிட்டைல்கோலினைச் சிதைக்கிறது. அந்த வேலையைச் செய்வது நொதியின் உட்குழிவில் இருக்கும் செரின் என்ற அமினோ அமிலம். மோனோகுரோட்டோபாஸ் தன் பாஸ்பரஸ் துண்டை அந்தச் செரினில் ஒட்டிவிடுகிறது. நொதி முடங்க, அழிபடாத செய்தி ஓயாமல் ஒலிக்கிறது. சுரப்பிகள் சுரந்துகொண்டே இருக்கின்றன. நுரையீரல் நீர்கோத்து மூச்சு திணறுகிறது. சில மணி நேரத்தில் அந்தத் துண்டு ஒரு மெத்தில் தொகுதியை இழந்து இறுகிவிட்டால், பிறகு பிராலிடாக்சிம் என்ற முறிமருந்தாலும் அதைப் பெயர்க்க இயலாது. புழுவுக்கும் மனிதனுக்கும் இதில் பெரிய வேறுபாடில்லை. 1936இல் ஜெர்மனியில் பூச்சிக்கொல்லி தேடிய கெர்ஹார்ட் ஷ்ராடர் கண்டடைந்த டாபுன், போருக்கான நரம்பு நச்சாகிப்போனதும் இதனால்தான்.

மருத்துவமனையில் அண்ணனுக்கு அட்ரோபின் ஏற்றினார்கள். எங்கள் வரப்பில் யாரும் சீண்டாமல் பூத்துக் கிடக்கும் ஊமத்தையில் உள்ள அதே நஞ்சு. அது ஏற்பியில் போய் அமர்ந்துகொள்ளும்; கதவைத் திறக்காது, அசிட்டைல்கோலினுக்கு இடமும் தராது. நெஞ்சில் நீர் வற்றும்வரை மருத்துவர் காதுவைத்துக் கேட்டுக் கேட்டு ஊசி போட்டார். மூன்றாம் நாள் அண்ணன் பிதற்றினார். போர்வையிலிருந்து இல்லாத தக்காளிகளைப் பறித்துப் பறித்து மடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே மரத்தடியில் அம்மிச்சி எங்கள் தோட்டத்துப் பாக்கை மென்றபடி உட்கார்ந்திருந்தாள். பாக்கில் உள்ள அரிகோலின், அசிட்டைல்கோலினைப் போல நடித்து அதே ஏற்பியைத் திறக்கிறது. எச்சில் ஊறுவதும் நெற்றி வியர்ப்பதும் அதன் வேலைதான். விருந்தினருக்கு நாம் தட்டில் வைத்து நீட்டும் அந்தப் பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அறிக்கை வெளியிட்டது.

பாக்கு, ஊமத்தை, குப்பி மருந்து. ஒன்று கதவைத் திறக்கிறது, ஒன்று அடைக்கிறது, ஒன்று காவலாளியைக் கட்டிப்போடுகிறது. நஞ்சு, மருந்து என்பவை நாம் இட்ட பெயர்கள். மூலக்கூறு அறிந்ததெல்லாம் வடிவமும் அளவும்தான்.

அளவு என்று எழுதும்போது அந்த மூடி நினைவுக்கு வருகிறது. காய்கறிகளுக்கு மோனோகுரோட்டோபாஸ் அடிப்பதை மத்திய அரசு தடைசெய்தது 2005இல். அண்ணன் பிழைத்து, மெலிந்த உடம்போடு அடுத்த மாதமே வேலை கேட்டு வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“காத்து திரும்பிருச்சுங்க தம்பி, அதான்.”

காற்று அன்று திரும்பவில்லை. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.