பாட்டுக்கு அடியில் இருந்த சத்தம்

ஒரகடத்தில் வேலை பார்ப்பவனுக்கு மோட்டார் சைக்கிள் ஆசை வர வெளியே எங்கும் போக வேண்டாம். ராயல் என்ஃபீல்டு 2013-இல் இங்கே உற்பத்தியைத் தொடங்கியது. பக்கத்திலேயே வல்லம் வடகாலில் அடுத்த தொழிற்சாலை 2017-இல் வந்தது. புது வண்டிகளை அடைத்துக்கொண்டு லாரிகள் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் போவதைக் கம்பெனி பஸ் ஜன்னல் வழியே பல வருஷம் பார்த்திருக்கிறேன். ஒரு தீபாவளி போனஸை முன்பணமாகக் கட்டி, மீதிக்குத் தவணை போட்டு, பொங்கலுக்குள் எனக்கும் ஒன்று வந்துவிட்டது. அந்தப் பொங்கலில் தொடங்கிய ஒரு வருஷத்தின் கதைதான் இது. அதற்கு முன்போ பின்போ நான் அவ்வளவு ஊர் சுற்றியதில்லை. யார் கேட்டாலும் கொல்லிமலையைப் பற்றிச் சொல்வேன். மே மாதத்தைப் பற்றி இதுவரை வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை.

கொல்லிமலையைச் சொல்லாமல் விடவும் மனம் வரவில்லை. முதலில் ஏலகிரி போய், அங்குள்ள 14 வளைவுகளில் கையைப் பழக்கிக்கொண்டோம். ஒரே லைனில் வேலை பார்க்கும் நான்கு பேர். அதில் ஒருவன் ஒடிசாக்காரன், மலைப்பாதையில் எங்களைவிட நிதானமானவன். மாசியில் கொல்லிமலை ஏறினோம். காரவள்ளியில் தொடங்கினால் மேலே போய்ச் சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி தூரம் வரை ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டு வந்தவர்கள் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. கிளட்ச் பிடித்த இடது கை மரத்துப்போனது. மேலே சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது, காற்றில் ஈர மண் வாசனை. ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்கி, அருவிக்குக் கீழே நின்று, அத்தனை படியும் மறுபடி ஏறி வந்தோம். தொடை நடுங்கியது. ஆனால் பல மாதமாக நைட் ஷிஃப்ட் உடம்பில் ஏற்றி வைத்திருந்த பாரம் அன்றைக்கு இறங்கியது. பங்குனியில் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த சுவர்களைப் பார்த்துவிட்டு அரிச்சல்முனை வரை போய்த் திரும்பினோம்.

இந்தப் பயணங்களில்தான் எனக்கு இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. ஹெல்மெட்டில் பொருத்தும் சின்ன கேமரா ஒன்று வாங்கினேன். ராத்திரி அறைக்கு வந்ததும் படம் பிடித்ததைப் போனில் ஏற்றி, வெட்டி ஒட்டி, மேலே ஒரு பாட்டு போட்டு வெளியிடுவேன். ஷிஃப்ட் முடிந்து கண் எரிந்தாலும் அதைச் செய்யாமல் தூங்கமாட்டேன். முகம் தெரியாதவர்கள் ‘அண்ணா செம’ என்று எழுதுவது எனக்கு ரொம்பவும் வேண்டியிருந்தது. லைனில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான பாகங்களைப் பார்த்து அனுப்புகிறேன். ஒழுங்காகப் பார்த்ததற்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை. தவறவிட்டால்தான் கூப்பிடுவார்கள்.

சித்திரை வந்ததும் வெயிலும் ஓவர்டைமும் சேர்ந்து தூரப் பயணத்தை நிறுத்திவிட்டன. அப்போதுதான் அந்த ஏரி கண்ணில் பட்டது. அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை எழுதியதே போதும்.

காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கத்து ஆட்களுக்கு ஏரியைப் பற்றிச் சொல்லித் தர வேண்டாம். மழைத் தண்ணீர் ஒரு ஏரி நிறைந்து, கலங்கல் வழியாக வழிந்து, அடுத்த ஏரிக்குப் போகும்படி முன்னோர்கள் வெட்டி வைத்த நிலம் இது. இன்றைக்கு அந்த ஏரிகளுக்கு நடுவே சிப்காட் சாலைகளும் கண்ணாடித் தொழிற்சாலைகளும் கார்த் தொழிற்சாலைகளும் இருக்கின்றன. நான் சொல்லும் ஏரி எங்கள் கம்பெனியிலிருந்து பத்து நிமிஷ தூரம். கரை ஏறி, மதகை ஒட்டி இறங்கினால் உள்வாய். மே மாதத்தில் நடுவில் ஒரு குட்டையளவு தண்ணீர், சுற்றிலும் வெடித்துக் காய்ந்த களிமண், அதற்கு மேல் சரளைத் திட்டு. ஆள் இல்லை, வேலி இல்லை, வேகத்தடை இல்லை. காலியாகக் கிடக்கிறதே, இதைவிட வேறு என்ன வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

சரளைத் திட்டின் மேல் வேகமாக ஏறி, வண்டியோடு காற்றில் எழும்பி, மறுபக்கம் இறங்குவோம். பின்னால் புழுதி ஒரு ஆள் உயரத்துக்கு எழும். சாயங்கால வெயில் அதில் விழும்போது படம் அவ்வளவு அழகாக வரும். பறவைகள் சில தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தன. ஒன்று என் ஹெல்மெட்டை உரசுவது போலக்கூட வந்தது. அந்த இடத்தை மெதுவாக ஓடவிட்டு வீடியோவில் சேர்த்தேன், பார்ப்பவர்களுக்கு இன்னும் விறுவிறுப்பாக இருக்குமே என்று. எஞ்சின் இரைச்சலும் கத்தலும் இடைஞ்சலாக இருந்ததால் சத்தத்தை மொத்தமாக எடுத்துவிட்டுப் பாட்டு போட்டேன். ஏரியின் பெயரையும் வரும் வழியையும் கீழே எழுதினேன்.

நான் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான். அடுத்த ஞாயிறு நாங்கள் போனபோது எங்களுக்கு முன்பே அங்கே வண்டிகள் நின்றன. தாம்பரத்திலிருந்து, பூந்தமல்லியிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள், ஒரு ஜீப்பும் வந்திருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆடு மேய்க்கும் ஆயா ஒருவரை முந்தைய வாரங்களிலும் பார்த்திருக்கிறேன். ஆடுகளைக் கரையோரமாகவே ஓட்டிக்கொண்டு போவார், திட்டுப் பக்கம் விடமாட்டார். எங்களுக்குப் பயந்துதான் அப்படிப் போகிறார் என்று நினைத்திருந்தேன். அன்றைக்குக் கோலை நீட்டிக்கொண்டு நேராக என் வண்டியை நோக்கி வந்தார்.

“வண்டிய ஆப் பண்ணு தம்பி.”

நிறுத்தினேன்.

“கால கீழ வெக்காத. அப்படியே பாரு. பக்கத்துல.”

பார்த்தேன். சரளைக்கல்லும் ஆட்டுப் புழுக்கையும்தான் தெரிந்தன. “என்ன ஆயா?” என்றேன். கோலின் முனையைத் தரைக்கு மேலே பிடித்துக்கொண்டு, “இங்க கீது பாரு” என்றார். கோல் காட்டிய இடத்தில் ஒரு கை அகலக் குழி. குழி என்றுகூடச் சொல்ல முடியாது, மண் லேசாகத் தாழ்ந்திருந்தது. சுற்றிப் பொடிக்கற்கள். நடுவில் இரண்டு முட்டைகள், கூர்முனை உள்பக்கமாக, மண் நிறத்தில், கருப்புத் திட்டுகளோடு. கண்ணை ஒரு நொடி எடுத்துவிட்டுத் திரும்பினால் மறுபடி கல்லாகிவிட்டன. மூன்றாவது இருந்த இடத்தில் டயரின் கட்டங்கள் பதிந்திருந்தன. அந்தக் கட்டங்களுக்குள் முட்டை ஓடும் மஞ்சள் கருவும் மண்ணோடு காய்ந்து ஒட்டியிருந்தன. என் டயராகவும் இருக்கலாம், இன்னொருவருடையதாகவும் இருக்கலாம். அங்கே வழி காட்டியது நான்.

“ஆள்காட்டிக் குருவி அந்தக் கத்து கத்துச்சே, உன் காதுல விழலியா?” என்று கேட்டார். என்னை வைவது போல் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டார்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. கேமராவின் மெமரி கார்டில் வெட்டாத பதிவு அப்படியே இருந்தது. அறைக்கூட்டாளிகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள், காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கேட்டேன். படத்தைப் பார்க்கவில்லை, போனைக் கவிழ்த்து நெஞ்சில் வைத்துக்கொண்டேன். வண்டி கரையிலிருந்து இறங்கும்போது குரல் தொலைவில் இருக்கிறது. திட்டை நெருங்க நெருங்கத் தலைக்கு மேல் வருகிறது. நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு விலகினால் குரல் தணிகிறது. மறுபடி திட்டுப் பக்கம் போனால் இரண்டு குரல்களாக, மூச்சு விடாமல், கீழே கீழே வருகிறது. நடுவில் ஓரிடத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு நான் சிரிக்கிறேன். நண்பனிடம், “பாட்டு போட்டா சூப்பரா இருக்கும்டா” என்கிறேன். அந்தச் சிரிப்புக்குப் பின்னாலும் அது கத்திக்கொண்டே இருக்கிறது. எத்தனை நாள் எந்தெந்த நேரம் போனோமோ அத்தனை பதிவையும் கேட்டேன். ஒன்றில்கூட அது ஓயவில்லை. எந்தப் பக்கம் போகக் கூடாது என்று அவ்வளவு தெளிவாக, அவ்வளவு பொறுமையாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

என் வேலை தரப் பரிசோதனை. பாகத்தை விளக்குக்கு நேரே திருப்பிப் பார்த்து, முடியளவு கீறல் இருந்தாலும் சிவப்பு ட்ரேயில் போட வேண்டியவன். விடிந்ததும் ஏ ஷிஃப்டுக்குப் போய் அதைத்தான் செய்தேன். எடுத்த பாகத்தைக் கீழே வைக்க முடியாமல் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீடியோவை அழித்துவிட்டேன். அதற்குள் வேறு பலர் அதை எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டிருந்தார்கள், ஏரியின் பெயரோடு. தெரிந்தவர்களிடம் கெஞ்சி நீக்கச் சொன்னேன். சிலர் நீக்கினார்கள். வண்டிகள் வருவது நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியைக் கரையிலேயே விட்டுவிட்டு மதகருகே நின்று வருபவர்களைத் தடுத்துப் பார்த்தேன். உள்ளே முட்டை இருக்கிறது, திட்டுப் பக்கம் மட்டும் போகாதீர்கள் என்று சொன்னால் கேட்டுத் திரும்பிய பையன்களும் உண்டு. ஒருவன் மட்டும் என் முகத்தையே பார்த்துவிட்டு, “அண்ணா, உங்க வீடியோ பார்த்துதாண்ணா வந்தோம்” என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். என்னிடம் பதில் இல்லை. அவன் உள்ளே இறங்கினான்.

மீதியிருந்த இரண்டு முட்டைகளும் பொரியவில்லை. ஆள்காட்டி ஏறக்குறைய நான்கு வாரம் அடைகாக்கும், ஆணும் பெண்ணும் மாறி மாறி உட்காரும். வெயில் ஏறினால் தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்கார்ந்து சூட்டைத் தணிக்கும். வண்டி வரும்போதெல்லாம் எழுந்து பறந்து கத்த வேண்டியிருந்தால் அந்த மே மாத வெயிலில் முட்டை என்ன ஆகும்? இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது அதற்கப்புறம்தான். ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் ஆடுகளை ஏன் கரையோரமாக ஓட்டினார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

எங்கள் குழுவும் பழையபடி இல்லை. நான் ஓவராகச் செய்வதாக மற்றவர்கள் நினைத்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு, நான்கு பேர் சேர்ந்து போன இடத்துக்கு ஒருவன் மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தால் யாருக்குப் பிடிக்கும்? ஒடிசாக்காரன் மட்டும் என்னோடு மதகருகே வந்து நிற்பான். வருபவர்களுக்கு இந்தியில் சொல்ல வேண்டியதை அவன் சொல்வான்.

ஐப்பசி மழையில் ஏரிக்குத் தண்ணீர் வந்தது. திட்டு மூழ்கியது, வண்டிகள் நின்றன. மார்கழியில் ஒடிசாக்காரனை ஏற்றிக்கொண்டு வேடந்தாங்கல் போனேன். சிங்கப்பெருமாள் கோவில், செங்கல்பட்டு, படாளம் என்று காலை வெயிலில் மெதுவாகப் போகிற வழி. கொல்லிமலையோடு ஒப்பிட்டால் இதில் சாகசம் என்று ஒன்றுமில்லை. அங்கே ஏரிக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, பாம்புத்தாரா, கரண்டிவாயன் என்று கிளைக்குக் கிளை கூடு. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் போய் முறையிட்டு, 1798 வாக்கில் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கிய ஏரி அது. எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்தால் வயல் விளையும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இதேபோல, சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில் கண்மாய்க்கு வரும் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. சின்னப் பிள்ளைகள்கூட அங்கே கேட்பதில்லையாம். பட்டாசுக்கு ஏங்காத பிள்ளை உண்டா? ஆனாலும் வெடிக்காமல் இருக்கிறார்கள்.

திரும்பும்போது உத்திரமேரூரில் நிறுத்தினோம். முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். குடவோலைத் தேர்தலைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். அந்தத் தேர்தலில் தேர்ந்தெடுத்தவர்களை வைத்து ஏரியைக் கவனிக்கவே ஒரு வாரியம் அமைத்திருந்தார்கள் என்பது மனதில் நின்றதில்லை. ஏரி வாரியம். யார் உறுப்பினராகலாம், யார் ஆகக் கூடாது என்று சுவர் முழுக்கச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒடிசாக்காரன் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொன்னேன். “அப்போ அந்த ஆயா?” என்றான். அவர்தான் இப்போது வாரியம் என்றேன்.

தை மாதம் ஆயாவைக் கரையில் பார்த்தேன். தண்ணீர் இறங்கினால் குருவி மறுபடி முட்டையிடுமா என்று கேட்டேன். “அது எங்க போவும்? வரும். நீங்க வராம இருந்தா சரி” என்றார்.

வெட்டாத அந்தப் பதிவை நான் அழிக்கவில்லை, போனிலேயே இருக்கிறது. எங்கள் லைனில் புதிதாகச் சேரும் பயிற்சிப் பையன்கள், என் வண்டியைப் பார்த்துவிட்டு, சுற்றுவதற்கு நல்ல இடமாகச் சொல்லச் சொல்வார்கள். இயர்போனைக் கொடுத்து அதைக் கேட்கச் சொல்வேன். சிலர் கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுவார்கள். போன வாரம் ஒரு பையன் முழுதும் கேட்டான். இயர்போனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, “பாவம்ணா” என்றான். கொஞ்சம் தள்ளிப்போய்த் திரும்பி வந்து, “எந்த ஏரிண்ணா அது?” என்று கேட்டான். அவனுக்கு நான் கொல்லிமலைக்கு வழி சொன்னேன்.