பழசைக் கழற்றிவிட்டீர்களா சார்?



பத்து நாளாக இந்தப் பக்கம் காணோமே, சாருக்கு உடம்பு ஏதும் சரியில்லையா என்று நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கதை கொஞ்சம் நீளம். கடைசியில் உங்களிடம் ஓர் உதவியும் கேட்கப்போகிறேன். 1994-95இல் பத்தாம் வகுப்பு படித்தவர்கள் பாதியில் எழுந்து ஓடாமல் இருந்தால் நல்லது.

தை மாதக் கடைசியில் ஓர் அம்மா வீட்டுக்கு வந்திருந்தார். அவர் மகன் என்னிடம் படித்தவன். இப்போது உயிரோடு இல்லை. 'பள்ளிக்கூட யூனிபாரத்துல அவன் இருக்குற படம் ஒண்ணுகூட எங்ககிட்ட இல்ல சார். எல்லாம் கஜாவுல போயிட்டுது. உங்ககிட்ட இருக்கும்னு சொன்னாங்க' என்றார். இருக்கிறது, பிரிண்ட் போட்டே தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

என்னிடம் இருந்தது உண்மைதான். 31 வருட வகுப்புக் குழுப்படங்கள், நான் ஒவ்வொரு வருடமும் காசு கொடுத்து வாங்கி ஆல்பத்தில் ஒட்டி வைத்தவை. ஓய்வுபெற்ற பிறகு 2016இல் ஒரு ஸ்கேனரை வாங்கி, தினம் பத்துப் படமாக உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றினேன். 'வேற வேலையே இல்லையா' என்று வீட்டில் திட்டு விழுந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வந்தபோது திருத்துறைப்பூண்டியில் எங்கள் வீட்டு ஓடு பறந்தது. ஆல்பங்கள் அத்தனையும் தண்ணீரில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தால் முகங்கள் கையோடு வந்தன. மிஞ்சியது பீரோவுக்குள் துணிக்கு நடுவே இருந்த அந்தச் சின்ன ஹார்ட் டிஸ்க் ஒன்றுதான். எங்கள் அம்மா சாவதற்கு முன் ஊர்க்கதை சொன்ன நாற்பது நிமிட ஒலிப்பதிவும் அதில்தான் இருக்கிறது. சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அதைக் கேட்டிருப்பீர்கள்.

அந்த அம்மா போனதும் டிஸ்க்கை மாட்டி 1994-95 ஃபோல்டரைத் திறந்தேன். திறக்கவில்லை. உள்ளிருந்து டிக், டிக் என்று பல்லி கத்துவதுபோல் ஒரு சத்தம். ரொம்ப நேரம் கழித்துப் படங்களின் பெயர்கள் மட்டும் வந்தன. எனக்கு அடிவயிறு கலங்கியது. இனிமேல் இதை நம்பக்கூடாது, உடனே இன்னொன்று வாங்கி எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும் என்று முடிவுசெய்தேன்.

திருவாரூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் இருக்கிறான். பெயரைப் போடக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறான். அவனிடம் ஒரு டிபி கொள்ளளவுள்ள புது டிஸ்க்கும், அதைப் போட்டுக்கொள்ளும் டப்பாவும் வாங்கினேன். கடைகளில் பெட்டியோடு விற்கும் டிஸ்க்குகள் பெரும்பாலும் ஃபார்மேட் செய்யப்பட்டே வரும், மாட்டிய உடனே வேலை செய்யும். இப்படித் தனியாக வாங்கும் டிஸ்க் அப்படியல்ல. அதைச் சொல்ல அவன் வாயெடுத்தான். 'நான் பாத்துக்குறேன் தம்பி' என்று பஸ் ஏறிவிட்டேன். வாத்தியார் திமிர்.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். விளக்கு எரிந்தது, உள்ளே சுற்றுகிற சத்தமும் கேட்டது, ஆனால் கம்ப்யூட்டரில் எதுவும் காணவில்லை. டிஸ்க் பழுது என்று முடிவுகட்டி அவனுக்குப் போன் போட்டேன். அவன் பொறுமையாக, 'ஸ்டார்ட் பட்டன் மேல வலது கிளிக் பண்ணுங்க சார். டிஸ்க் மேனேஜ்மென்ட்னு இருக்கும்' என்றான். அங்கே போனதும் ஒரு பெட்டி வந்தது. ஓகே என்று அழுத்தப் போனேன். 'அழுத்தாதீங்க சார். என்ன எழுதியிருக்குன்னு முழுசாப் படிங்க' என்றான்.

இவன் எட்டாம் வகுப்பில் கேள்வியைப் படிக்காமலே கணக்குப் போடுவான். 'கேள்வியை முழுமையாகப் படித்த பின்பே விடை எழுதுவேன்' என்று ஐம்பது தடவை எழுத வைத்தது நான்தான். அவன் அதை மறந்ததாகத் தெரியவில்லை.

அந்தப் பெட்டி கேட்டது, டிஸ்க்கை எந்த முறையில் தொடங்கிவைப்பது என்று. எம்பிஆர் ஒன்று, ஜிபிடி ஒன்று. முதலாவது பழைய முறை. அதில் டிஸ்க்கின் ஒவ்வொரு கட்டத்துக்கும் 32 பிட் எண்ணால் முகவரி கொடுக்கிறார்கள். கட்டம் ஒன்றுக்கு 512 பைட். 2இன் அடுக்கு 32ஐ 2இன் அடுக்கு 9ஆல் பெருக்குங்கள். 2இன் அடுக்கு 41. அதாவது இரண்டு டிபி. அதற்கு மேலே இருக்கும் இடத்துக்கு அந்த முறையில் முகவரியே கிடையாது. என் டிஸ்க்குக்கு இரண்டுமே போதும் என்றாலும் ஜிபிடியைத் தேர்ந்தெடுத்தேன். அதன்பின் 931 ஜிபி என்று காட்டியது. ஆயிரம் ஜிபிக்குத்தானே காசு கொடுத்தோம், 69 ஜிபியை எவன் தின்றான்? மறுபடி போன் போட வெட்கமாக இருந்ததால் பேப்பரை எடுத்தேன். கம்பெனிக்காரன் கணக்கில் ஒரு டிபி என்பது ஒரு லட்சம் கோடி பைட். விண்டோஸ் கணக்கில் ஒரு ஜிபி என்பது 1024ஐ மூன்று தடவை பெருக்கினால் வருவது, 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம். வகுத்தேன். 931.3. யாரும் ஏமாற்றவில்லை, அளக்கிற மரக்கால்தான் வேறு. அன்றைக்குச் சோறு ருசித்தது.

ஃபைல் சிஸ்டம் என்ன வேண்டும் என்று அடுத்த கேள்வி. ஃபேட் 32இல் நாலு ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு நிற்காது, மகள் கல்யாண வீடியோவே அதைவிடப் பெரிது. எக்ஸ்ஃபேட் என்றால் மகளுடைய மேக் லேப்டாப்பிலும் எழுதலாம், என்டிஎஃப்எஸ் என்றால் மேக் படிக்கும், தானாக எழுதாது. ஆனால் என்டிஎஃப்எஸ் தான் செய்கிற மாற்றங்களை ஒரு நாட்குறிப்பில் எழுதி வைத்துக்கொண்டே போகும். திடீரென்று கரண்ட் போனால் ஓரளவு தன்னைச் சரிசெய்துகொள்ளும். நம் ஊர் கரண்ட்டை நினைத்து என்டிஎஃப்எஸ் போட்டேன்.

இதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று.

'குயிக் ஃபார்மேட்' என்ற இடத்தில் ஒரு டிக் இருந்தது. அவசர வேலை நமக்குப் பிடிக்காதே, எடுத்துவிட்டேன். முழு ஃபார்மேட் என்றால் டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதிப் பழுதான இடம் இருக்கிறதா என்று பார்க்கும். நல்லதுதான். ஆனால் நான் மாட்டியிருந்த இடம் தவறு. கம்ப்யூட்டரின் முன்பக்கம் இருப்பவை பழைய யூஎஸ்பி ஓட்டைகள். அதிலும் ஒன்று உடைந்துவிட்டது. அதனால் நாலு வாய் கொண்ட ஒரு ஹப்பை மாட்டி, ஒரு வாயில் பழைய டிஸ்க்கையும் இன்னொன்றில் புது டிஸ்க்கையும் செருகியிருந்தேன். பின்பக்கம் நீல நிறத்தில் இரண்டு வேகமான ஓட்டைகள் உண்டு. மேசைக்கு அடியில் புகுந்து போக வேண்டும், என் முழங்கால் சம்மதிக்கவில்லை.

ராத்திரி முழுக்க ஓடட்டும் என்று படுத்தேன். மூன்று மணிக்குக் கரண்ட் போனது. யூபிஎஸ் கால் மணி நேரம் தாங்கிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தது. காலையில் மறுபடி தொடங்கினேன். கொஞ்ச தூரம் போய், 'விண்டோஸால் ஃபார்மேட்டை முடிக்க இயலவில்லை' என்று நின்றது. இன்னொரு முறை, அதே பதில். நடுநடுவே அந்த டிக் டிக் சத்தம், இந்த முறை எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. மாணவனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை.

பொறுத்திருக்கலாம். யூடியூபைத் திறந்தேன். ஒரு பையன் விறுவிறுவென்று சொல்லிக்கொண்டே போனான். கறுப்புத் திரையைத் திறக்க வேண்டுமாம், 'டிஸ்க்பார்ட்' என்று அடிக்க வேண்டுமாம், 'லிஸ்ட் டிஸ்க்', 'செலக்ட் டிஸ்க் 1', அப்புறம் 'கிளீன்'. அவன் அடிக்க அடிக்க நானும் அடித்தேன். என் திரையில் மூன்று வரி வந்தது. டிஸ்க் 0, 465 ஜிபி. டிஸ்க் 1, 931 ஜிபி. டிஸ்க் 2, 931 ஜிபி. பூஜ்யம் என்பது கம்ப்யூட்டருக்கு உள்ளே இருப்பது, அது தெரிந்தது. பையன் ஒன்று என்றான். நானும் ஒன்று என்று அடித்தேன். 'கிளீன்' என்பதையும் அடித்தேன். என்டர் தட்ட வேண்டியதுதான் பாக்கி.

போன் அடித்தது.

'சாரி சார், கடையில கூட்டம். என்ன பண்றீங்க?'

சொன்னேன்.

'பழசைக் கழட்டிட்டீங்களா சார்?'

நான் பதில் சொல்லவில்லை. 'சார், கீபோர்டுலேர்ந்து கையை எடுங்க. பழசை மட்டும் உருவுங்க. உருவிட்டு மறுபடி லிஸ்ட் பாருங்க' என்றான். அடித்திருந்ததை அழித்துவிட்டு, பழைய டிஸ்க்கை உருவி, மறுபடி பட்டியலைக் கேட்டேன். டிஸ்க் 0 இருந்தது. டிஸ்க் 2 இருந்தது. டிஸ்க் 1ஐக் காணோம்.

பழையதும் ஒரு டிபி, புதியதும் ஒரு டிபி. இரண்டும் 931. எந்த எண் எதற்கு என்று பார்க்காமல் எவனோ சொன்ன எண்ணை அடித்திருக்கிறேன். அந்த 'கிளீன்' கட்டளை 'நிச்சயமாகவா?' என்று ஒரு வார்த்தை கேட்காது. தட்டிய மாத்திரத்தில் டிஸ்க்கில் எது எங்கே பிரிந்திருக்கிறது என்ற குறிப்பைத் துடைத்துவிடும். உள்ளே இருப்பதை மீட்கிற மென்பொருள்கள் உண்டு என்று அவன் அப்புறம் ஆறுதல் சொன்னான். ஏற்கெனவே டிக் டிக் என்கிற டிஸ்க்கில் அது எவ்வளவு கிடைத்திருக்கும் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பேத்தி வந்து 'தாத்தா, ஏன் வேர்க்குது?' என்று கேட்டாள்.

ஃபார்மேட் நின்று நின்று போனதற்கும் அவன் காரணம் சொன்னான். பழைய யூஎஸ்பி ஓட்டை கொடுக்க வேண்டிய மின்சாரம் 500 மில்லி ஆம்பியர்தான். தனியாகக் கரண்ட் வாங்காத ஹப்பாக இருந்தால் நாலு வாயும் அந்த 500ஐத்தான் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். ஒரு டிஸ்க் சுழலவே அது பற்றாக்குறை, நான் இரண்டைக் கட்டி இழுத்திருக்கிறேன். நீல ஓட்டை 900 வரை கொடுக்கும். 'ஒரு மோட்டார்ல ரெண்டு வயலுக்குத் தண்ணி பாய்ச்சுன மாதிரி சார்' என்றான். நான் வகுப்பில் உதாரணம் சொல்கிற அதே தோரணை. பேத்தியை மேசைக்கு அடியில் அனுப்பி, புது டிஸ்க்கை மட்டும் பின்பக்க நீல ஓட்டையில் நேராக மாட்ட வைத்தேன். திரையில் இருந்த ஒவ்வொரு வரியையும் போனில் அவனுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அழுத்தினேன். முழு ஃபார்மேட் மூன்று மணி நேரத்தில் முடிந்தது. ஹப்பில் ஒரு ராத்திரி போதாத வேலை.

அதற்குப் பிறகுதான் பழைய டிஸ்க்கை மற்ற நீல ஓட்டையில் மாட்டிப் படங்களை மாற்றினேன். முதலில் அம்மாவின் குரல், சுத்தமாக வந்துவிட்டது. பிறகு வருட வாரியாக. மூன்று கோப்புகள் மட்டும் வரவில்லை. 'சைக்ளிக் ரிடண்டன்சி செக்' என்று ஒரு பிழை. இது நம் கணக்குதான். எழுதும்போதே தகவலை ஒரு குறிப்பிட்ட கோவையால் வகுத்து, வருகிற மீதியைப் பக்கத்தில் குறித்து வைக்கிறார்கள். படிக்கும்போது மறுபடி வகுத்து மீதி ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார்கள். ஒத்துப்போகவில்லை என்றால் அந்த இடத்தில் எழுத்து கெட்டுவிட்டது என்று பொருள். பெருக்கல் சரியா என்று பார்க்க ஒன்பதால் வகுத்து மீதி பார்க்கச் சொல்லித் தந்தேனே, அதன் அண்ணன். டிஸ்க்கைத் திருவாரூருக்கு எடுத்துக்கொண்டு போனேன், அவனும் இரண்டு நாள் முயன்று பார்த்தான். மூன்றில் ஒன்று கிடைத்தது, 2001 விளையாட்டு விழா. இன்னொன்று என் வீட்டு ரேஷன் கார்டு நகல், அது போனால் போகட்டும்.

மூன்றாவதுதான் 1994-95 பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு. அந்த அம்மா கேட்டது அந்தப் படத்தைத்தான். நான் 'கிளீன்' தட்டி அழித்ததல்ல, அதற்கு முன்பே கெட்டிருக்கிறது. ஆனாலும் 2016இல் ஸ்கேன் செய்த அன்றைக்கே இன்னொரு பிரதி எடுத்து வைத்திருந்தால் இன்று அவருக்குப் பதில் சொல்லத் திணற மாட்டேன். அவருக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லிவிட்டேன். 'பரவாயில்ல சார், வேற யார்கிட்டயாவது இருக்கும்' என்று அவர்தான் எனக்குத் தைரியம் சொன்னார்.

வேறு யாரிடமாவது இருக்குமா? பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் எடுத்த படம். நடு பெஞ்சில் தலைமை ஆசிரியருக்கு இடது பக்கம் நான், அந்த வருடம்தான் கண்ணாடி போட ஆரம்பித்திருந்தேன். முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கும் ஒருவன் தலையை ஆட்டியதால் முகம் கலங்கியிருக்கும். அது யார் என்று அவனுக்கே தெரியும். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் அப்பா அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், சுவரில் மாட்டியிருப்பார்கள்.

கிடைத்தால் சட்டத்திலிருந்து கழற்றி, பகலில் ஜன்னல் பக்கத்தில் வைத்து, ஃபிளாஷ் போடாமல் நேராகப் படமெடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்ப வேண்டாம், சுருக்கிவிடும். டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். பின்வரிசையில் இடது ஓரத்தில் நிற்பவன் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும்.