ஆங்கிலத் தலை, பிரெஞ்சு மரை

சூப்பர்சார்ஜர் என்பதற்குக் கலைச்சொல் அகராதிகள் என்ன சொல் தருகின்றனவோ, புதுச்சேரி பெரிய மார்க்கெட்டை ஒட்டிய சந்தொன்றில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் அதைத் துருத்தி என்றுதான் சொல்கிறார். வரலாற்றை வைத்துப் பார்த்தால் அவர் சொல்வதே பொருத்தம். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ரூட்ஸ் என்னும் சகோதரர் இருவர் 1860-இல் காப்புரிமை பெற்ற கருவி அது. ஒன்றோடொன்று உரசாமல் சுழலும் இரண்டு உருளைகள் காற்றை வாரி முன்னே தள்ளும். முதலில் அது உலைக்களங்களில் கொல்லனின் துருத்தி செய்த வேலையைத்தான் செய்தது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1921-இல், பெர்லின் கண்காட்சியில் மெர்சிடிஸ் நிறுவனம் ரூட்ஸ் வகைத் துருத்தி பூட்டிய கார்களை விற்பனைக்கு வைத்தது. உலையை ஊதியது எஞ்சினை ஊதத் தொடங்கியது.

அப்படி ஒரு துருத்தி பூட்டிய கார் எங்கள் ஊரில் இருக்கிறது. நண்பர் ஒருவருடைய எம்.ஜி. டி.சி. 1945-இலிருந்து 1949 வரை இங்கிலாந்தில் ஏறத்தாழ பத்தாயிரம் மட்டுமே செய்யப்பட்ட, இரண்டே பேர் அமரக்கூடிய திறந்த வண்டி. 1250 சி.சி. எஞ்சின், 54 குதிரைத் திறன். இன்றைய சிறு குடும்பக் கார்களே இதைத் தாண்டிவிடும். நண்பரின் தந்தையார் அறுபதுகளில் அதைச் சென்னையில் வாங்கினார். சோழவரத்தில், உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களைப் பார்த்துப் பார்த்துக் கிறுக்குப் பிடித்தவர். இங்கிலாந்திலிருந்து மார்ஷல் துருத்தி ஒன்றைத் தருவித்து, தானே பொருத்தினார். சதுர அங்குலத்துக்கு ஆறு பவுண்டு அழுத்தம். வளிமண்டல அழுத்தம் 14.7 என்பதால், எஞ்சின் மூச்சில் நூற்றுக்கு நாற்பது பங்கு கூடுதல் காற்று. காற்று கூடினால் பெட்ரோல் கூடும், பெட்ரோல் கூடினால் உதை கூடும்.

இரண்டு ஆண்டுகளாக அந்த வண்டி முரண்டு பிடித்தது. காரணம் பெட்ரோலில் கலந்து வரும் எத்தனால். இன்று நாடெங்கும் கிடைப்பது இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டிக்காரர்கள் இதைச் சபிப்பது நியாயம்தான். சாராயம் அந்தக் காலத்து ரப்பர்க் குழாய்களை ஊதவைக்கிறது. கார்புரேட்டரின் கார்க் வளையங்களைக் கெடுக்கிறது. கடற்கரை ஊரின் ஈரத்தைக் காற்றிலிருந்து உறிஞ்சித் தொட்டிக்குள் தண்ணீராகச் சேர்க்கிறது. துருத்தி வண்டிக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கே போதும். ஆகவே கலப்புப் பெட்ரோலை வழக்கத்தைவிடச் சுமார் எட்டு விழுக்காடு கூடுதலாக ஊட்டவேண்டும். ஊட்டாவிட்டால் சாதாரண எஞ்சின் திக்கும், இருமும். துருத்தி ஊதும் எஞ்சினில் பிஸ்டனின் மண்டை உருகி ஓட்டை விழும்.

ஆனால் விசித்திரம் என்னவென்றால், துருத்தி எஞ்சினுக்கு எத்தனால் பகைவன் மட்டுமல்ல, நண்பனும்கூட. ஆவியாகும்போது அது பெட்ரோலைவிட இருமடங்குக்கு மேல் வெப்பத்தை உறிஞ்சி, உள்ளே போகும் காற்றைக் குளிர்விக்கிறது. அதன் ஆக்டேன் எண் சுமார் 108. போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில், இந்த வண்டி பிறந்தபோது கிடைத்த பெட்ரோலின் எண் எழுபதைச் சற்றே தாண்டியது. முப்பதுகளின் பந்தயக் கார்கள் ஆல்கஹாலைக் குடித்துத்தான் அவ்வளவு அழுத்தத்தைத் தாங்கின.

இங்கேதான் வீட்டுக்குள் சண்டை மூண்டது. பொறியியல் படித்த மகன், "இப்போதுதான் சரியான பெட்ரோல் கிடைத்திருக்கிறது, துருத்தியின் புல்லியைச் சிறிதாக்கிப் பத்துப் பவுண்டு ஏற்றலாம்" என்றான். பழைய கார் சேகரிக்கும் சென்னை அன்பர் ஒருவரோ, துருத்தியையே கழற்றிவிட்டுத் தொழிற்சாலையிலிருந்து வந்த வடிவத்துக்கு மாற்றினால் விலை கூடும் என்றார். நண்பர் இரண்டுக்கும் தலையாட்டவில்லை. அப்பா வைத்தது அது, அவ்வளவுதான் அவருடைய வாதம்.

சேகரிப்பாளர் சொன்ன 'அசல்' என்ற சொல் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. எஞ்சினைப் பிரித்தபோது அதற்கு வேடிக்கையான ஒரு பதில் கிடைத்தது. போல்ட்டுகளின் தலைகளுக்கு ஆங்கிலேய விட்வொர்த் அளவு ஸ்பேனர் வேண்டும். காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய இரும்புக் குவியலைக் கிளறித்தான் அவற்றைப் பொறுக்கினோம். ஆனால் போல்ட்டின் மரையோ மெட்ரிக். ஆங்கில எஞ்சினில் மெட்ரிக் மரை எப்படி? முதல் உலகப்போரின்போது பிரான்சின் ஹாட்ச்கிஸ் நிறுவனம் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஒரு தொழிற்சாலை அமைத்தது. 1923-இல் மோரிஸ் அதை வாங்கினார். எந்திரங்கள் எல்லாம் பிரெஞ்சு மெட்ரிக் எந்திரங்கள், மாற்றினால் செலவு. எனவே மரையை அப்படியே விட்டுவிட்டு, ஊர் மெக்கானிக்கின் ஸ்பேனருக்கு ஏற்பத் தலையை மட்டும் ஆங்கில அளவில் செய்தார்கள். அந்த வழக்கம் எம்.ஜி. எஞ்சின் வரை வந்துவிட்டது. மரை கழன்றவர்கள் வேலை என்று சிரிக்கலாம். புதுச்சேரிக்காரனுக்கு இதில் வியப்பில்லை. நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவே இருக்கும் எங்கள் சந்தையின் காகிதப் பெயர் கூபேர் மார்க்கெட். வாயில் வருவது பெரிய மார்க்கெட். அதையும் இடித்துக் கட்டுவதா, இருப்பதைப் பழுதுபார்ப்பதா என்று அரசும் வியாபாரிகளும் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கு நின்றார்கள். அங்கே எந்தக் காலத்துச் சுவர் அசல் என்று மீன் விற்கும் அம்மாவைக் கேட்டால் என்ன சொல்வாளோ!

மகனுக்குப் பதில் வேறோர் இடத்தில் இருந்தது. துருத்தி பூட்டிய கார்களில் மிகப் புகழ்பெற்றது பென்ட்லி. நாலரை லிட்டர் பென்ட்லிக்கு 110 குதிரைத் திறன். டிம் பர்கின் என்ற பந்தய வீரர், ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் வடிவமைத்த துருத்தியை அதில் பூட்டினார். பணம் தந்தவர் டாரதி பேஜட் என்ற சீமாட்டி. சாலை வண்டியிலேயே திறன் 175-ஆனது, பந்தயத்தில் 240. எஞ்சினைப் படைத்த டபிள்யூ.ஓ. பென்ட்லிக்கு இது அறவே பிடிக்கவில்லை. வேகம் வேண்டுமானால் பெரிய எஞ்சின் செய், சின்ன எஞ்சினின் வாயில் காற்றைத் திணிக்காதே என்பது அவர் கட்சி. 1930-இல் லெ மான் பந்தயத்தில் பர்கின் மெர்சிடிஸைத் துரத்தி முந்தினார். ஆனால் துருத்தி பென்ட்லிகள் இரண்டும் பாதியில் நின்றன. வென்றது துருத்தியில்லாத ஆறரை லிட்டர் பென்ட்லி. அதே ஆண்டு பிரான்சின் போ நகரில் நடந்த கிராண்ட் பிரீயில், இலகுவான பூகாட்டிகளுக்கு நடுவே அந்த லாரி போன்ற வண்டியை ஓட்டி இரண்டாவதாக வந்தார் பர்கின். யார் சொன்னது சரி என்று இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். எனக்குப் பென்ட்லி பக்கம்தான் நியாயம் தெரிகிறது, மனம் பர்கின் பக்கம் நிற்கிறது. ஆனால் இருவர் சண்டையில் மறந்துபோவது ஒன்று உண்டு: துருத்தியைப் பூட்டுமுன் வில்லியர்ஸ் கிராங்க் தண்டையே வலுவாக்கி மாற்றினார். பிஸ்டனையும் மாற்றினார். முதலில் எலும்பு, பிறகுதான் மூச்சு.

நண்பரின் எஞ்சினில் கிராங்க் தண்டு பழையது. கடைசல் பெரியவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மண்ணெண்ணெயில் முக்கித் துடைத்து, சுண்ணாம்புத் தூளைத் தடவி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து சுண்ணாம்பில் கோடு போடும். கோடு விழவில்லை. மகன் உற்சாகமாகப் பத்துப் பவுண்டுப் பேச்சை மறுபடி எடுத்தான்.

"பெட்ரோலு தாங்கும் தம்பி. இந்த இரும்பு தாங்குமான்னு பெட்ரோலுக்குத் தெரியுமா?" என்றார் பெரியவர். "உங்க தாத்தா வச்ச புல்லிய நான் மாத்த மாட்டேன். வேற கடை பாத்துக்குங்க."

மகன் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஃப்ளூரோ ரப்பர் குழாய்களும் வளையங்களும் வரவழைத்து, அவனே உட்கார்ந்து மாட்டினான்.

எஞ்சியது ஊசி. இந்த வண்டியின் எஸ்.யூ. கார்புரேட்டரில் ஒரு பிஸ்டன் காற்றோட்டத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். அதன் அடியில், ஒருபக்கம் மெலிந்த பித்தளை ஊசி. பிஸ்டன் ஏற ஏற ஊசி வெளியே வர, துளை அகன்று பெட்ரோல் கூடும். ஊசியின் சரிவில் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு மாறினாலும் எஞ்சினின் குணமே மாறிவிடும். வீட்டு வாசலில் நின்று உறும வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. சுமையில் ஓட்டிப் பார்க்கவேண்டும். விடிவதற்கு முன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டு வரை போவோம். மேல் கியரில் மிதித்து ஓடும்போதே சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்து, ஓரங்கட்டி, பிளக்குகளைக் கழற்றிப் பார்ப்போம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கரி படிந்திருந்தால் மிகுதி. பழைய ஊசியில் எலும்பு போல வெளுத்திருந்தன; இன்னும் சில மாதம் அப்படியே ஓட்டியிருந்தால் பிஸ்டன் போயிருக்கும். இரண்டாவது ஊசியில் கரி. மூன்றாவதில் நான்கு பிளக்குகளும் பொறை பிஸ்கட் நிறத்தில் வந்தன.

அன்று திரும்பும்போது மகன்தான் ஓட்டினான். நண்பர் பக்கத்து இருக்கையில் அமர்ந்து, பழைய ஊசியையும் சுருங்கிய கார்க் வளையங்களையும் ஒரு ஃபிலிம் டப்பாவில் போட்டு மூடி, அதன் மேல் அப்பாவின் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். நான் பின்னால் ஸ்கூட்டரில் வந்தேன். அவன் மிதிக்கும் போதெல்லாம் துருத்தியின் ஊளை சவுக்குத் தோப்பில் பட்டுத் திரும்பி வந்தது.