அத்தையும் கணக்குப் பியானோவும்

மாமியாரிடம் ரசத்தைக் கொடுத்து, "எப்படி இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். உப்பு சரியாக இருக்கும், புளி சரியாக இருக்கும், பெருங்காயமும் இருக்கும். ஆனாலும், "நன்றாகத்தான் இருக்கிறது, என்னமோ ஒன்று குறைகிறது" என்பார். அந்த 'என்னமோ ஒன்று' எது என்று கண்டுபிடிப்பதற்குள் மருமகளுக்குத் தலை நரைத்துவிடும். ரசத்துக்கு நேரும் இந்தக் கதி எங்கள் வீட்டில் ஒரு பியானோவுக்கு நேர்ந்தது.

என் மாமியாரை நான் 'அத்தை' என்றுதான் கூப்பிடுவேன். சாந்தோமில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, நாற்பது வருஷம் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுத்தவர். கடற்காற்று மனிதர்களுக்கு நல்லதாக இருக்கலாம், பியானோவுக்கு எமன். உப்புக் காற்றில் தந்திகள் துருப்பிடித்தன. மழையில் உப்பியும் வெயிலில் சுருங்கியும் மரம் விரிசல் கண்டது. தந்தியைச் சுற்றியிருக்கும் முளைகள் பிடிப்பை விட்டன. காலையில் சுருதி கூட்டினால் மாலையில் இறங்கிவிடும். நாங்கள் மூன்றாம் மாடி ஃபிளாட்டுக்குக் குடிபோனபோது அதை மேலே ஏற்ற வழியும் இல்லை; ஏற்றிப் பயனும் இல்லை. பழைய சாமான்காரர் வந்து இரும்புச் சட்டத்தை எடை போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

அன்று அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகு இரண்டு வருஷம் எந்த வாத்தியத்தையும் தொடவும் இல்லை. விரல்கள் மட்டும் சாப்பாட்டு மேஜையின் விளிம்பில் சில சமயம் தாமாகவே ஓடும். பார்க்கிறவர்களுக்குத்தான் வயிற்றைப் பிசையும்.

என் பெண்ணுக்கு ஒன்பது வயதாயிற்று. வீட்டிலேயே டீச்சர் இருக்கும்போது வெளியே தேடுவானேன் என்று என் கணவர் 88 கட்டைகள் உள்ள மின்சாரப் பியானோ ஒன்றை வாங்கி வந்தார். அதைக் கம்ப்யூட்டரோடு இணைத்தால் விதவிதமான பியானோ நாதம் வரும் என்றார்.

இந்த நாதத்தை உண்டாக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. முதல் வழி, நல்ல பியானோ ஒன்றை நல்ல மண்டபத்தில் வைத்து, ஒவ்வொரு கட்டையையும் மெதுவாக, நடுத்தரமாக, பலமாகத் தட்டிப் பதிவு செய்து வைப்பது. நாம் கட்டையை அழுத்தினால் அந்தப் பதிவு ஒலிக்கும். இதைப் பதிவுப் பியானோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வழியில் பதிவே கிடையாது. சுத்தியல் தந்தியில் பட்டால் தந்தி எப்படி அதிரும், பலகை அதை எப்படி வாங்கிக் காற்றுக்குக் கொடுக்கும் என்று கம்ப்யூட்டர் அந்த நிமிஷமே கணக்குப் போட்டு ஒலியை உண்டாக்கும். இது கணக்குப் பியானோ.

நம் பாஷையில் சொன்னால், முன்னது ஜாடியில் போட்டு வைத்த ஊறுகாய். பின்னது அப்போதைக்கப்போது அடுப்பில் வைத்துச் செய்யும் சமையல்.

கணக்குப் பியானோக்களில் பெயர் பெற்ற பியானோடெக், பிரான்ஸ் தேசத்தின் துலூஸ் நகரத்திலிருந்து 2006-ல் வெளிவந்தது. அதை உருவாக்கிய ஃபிலிப் கியோம், கணித அறிஞராவதற்கு முன்பு பியானோ சுருதி கூட்டுகிறவராக இருந்தவர். பதிவுப் பியானோக்கள் கம்ப்யூட்டரில் பல ஜிகாபைட் இடத்தை அடைத்துக்கொள்ள, இது சில பத்து மெகாபைட்டில் அடங்கிவிட்டது. 2009-ல் ரோலண்டு கம்பெனி கணக்குமுறையிலேயே ஒலிக்கும் வி-பியானோவைக் கொண்டுவந்தது. எங்கள் வீட்டில் இருந்த புரோகிராம் எது என்பது இந்தக் கதைக்கு அவசியமில்லை.

அத்தை முதலில் பதிவுப் பியானோவைக் கேட்டார். "நாதம் இதமாக இருக்கிறது. ஆனால் ஒரே கட்டையைப் பத்துத் தரம் தட்டினால் பத்துத் தரமும் ஒரே முகம்" என்றார். பிறகு கணக்குப் பியானோவைக் கேட்டார். நாலு கட்டைகளைத் தொட்டுவிட்டு, "கையோடு வருகிறது, நிஜம்தான். ஆனால் தகர டப்பாவாக இருக்கிறதே!" என்று எழுந்து போய்விட்டார்.

ஊறுகாய்க்கு ருசி இருக்கிறது. புதுச் சமையலுக்கு இல்லை! இது என்ன நியாயம் என்று எனக்குப் பொறுக்கவில்லை. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு உட்கார்ந்து படித்தேன். விஷயம் ஓரளவு பிடிபட்டது. பதிவு செய்யும்போது பியானோவின் நாதம் மட்டும் பதிவாவதில்லை. மண்டபத்தின் மரச் சுவர், மைக்கின் குணம், அந்தப் பியானோவின் சின்னச் சின்னக் கோணல்கள் எல்லாமே சேர்ந்து பதிவாகின்றன. கணக்கோ சுத்தமானது. குறையைப் போடச் சொன்னால்தான் போடும்.

மறுநாள் அத்தையிடம் போய், "அத்தை, பழைய பியானோ தகரம் மாதிரி ஒலித்தால் ட்யூனர் என்ன செய்வார்?" என்று கேட்டேன்.

"ஊசி குத்துவார்" என்றார் அத்தை.

பியானோவுக்குள் இருக்கும் சுத்தியலின் தலையில் ஃபெல்ட் என்னும் அழுத்திய கம்பளி இருக்கிறது. அடித்து அடித்து அது இறுகிப்போனால் நாதம் கூர்மையாகிவிடும். ட்யூனர் ஊசியால் குத்தி அதை இளக்குவார். எங்கள் புரோகிராமிலும் சுத்தியலின் கடினத்துக்கு ஓர் அளவுகோல் இருந்தது. மெதுவாக, நடுத்தரமாக, பலமாக அடிப்பதற்குத் தனித்தனியாக மூன்று. "முதல் இரண்டை இறக்கு. மூன்றாவதில் கை வைக்காதே. பலமாக அடித்தால் பியானோ கத்தத்தான் வேண்டும்" என்றார் அத்தை. அப்படியே செய்தேன். தகரத்தில் பாதி போயிற்று.

அடுத்தது தந்திகள். பியானோவில் கட்டைகள் 88 என்றாலும் தந்திகள் சுமார் 230. நடு ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும் ஒரு கட்டைக்கு மூன்று தந்திகள். அந்த மூன்றும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். "அப்படி இருந்தால் நாதம் செத்துவிடும். மயிரிழை விலகியிருக்க வேண்டும்" என்றார் அத்தை. அந்த மயிரிழையால்தான் ஒலி முதலில் சட்டென்று இறங்கி, பிறகு நெடுநேரம் நின்று கரைகிறது. காப்ரியேல் வைன்ரைக் என்ற பௌதிக விஞ்ஞானி 1977-ல் இதை விளக்கி எழுதியிருக்கிறார். அத்தை அதைப் படித்ததில்லை. காதாலேயே அறிந்து வைத்திருந்தார். அந்த விலகலைத் துளி கூட்டினேன். அதிகமாக்கினால் சாராயக் கடைப் பியானோ மாதிரி ஆகிவிடுகிறது. துளிதான்!

பிறகு மைக்கின் இடம். புரோகிராம் தன் மைக்கைத் தந்திகளுக்கு மிக அருகில் வைத்திருந்தது. அதை வாசிப்பவர் உட்காரும் இடத்துக்கு நகர்த்தினோம். சிறிய அறையின் எதிரொலியைக் கொஞ்சம் சேர்த்தோம். பெரிய மண்டபம் வேண்டாம், வீட்டுக் கூடத்தில் ராஜாவின் தர்பார் கேட்கக் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார்.

இவ்வளவுக்கும் பிறகு ஏதோ இடித்தது. என் பெண்தான், "பாட்டி, இதைக் காதில் வைத்துக் கேளுங்களேன்" என்று ஹெட்போனை மாட்டினாள். அத்தையின் முகம் மாறியது. மிச்சக் குற்றம் கணக்கில் இல்லை. வாத்தியத்தின் அடியில் தரையைப் பார்த்திருந்த சின்ன ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது! நிஜப் பியானோவில் அகலமான மரப் பலகை முழுவதும் பாடுகிறது. உள்ளங்கை அகல ஸ்பீக்கர் அதற்கு ஈடாகுமா? நல்ல ஸ்பீக்கர்கள் இரண்டை வாங்கிக் காது மட்டத்தில் வைத்தோம். மூலையில் வைத்தால் கீழ் ஸ்தாயி குழம்பிப்போகிறது. சுவரை விட்டு ஒரு முழம் தள்ளினால் தெளிகிறது.

கடைசியாக விரல். அத்தையின் மூட்டுகளில் வாதம். பழைய அழுத்தம் இல்லை. எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு ஒலி என்று சொல்லும் கோட்டை அவர் கைக்குத் தகுந்தாற்போல் வளைத்தேன். மெல்லத் தொட்டாலும் நாதம் எழுந்து வந்தது.

என் கணவருக்கு எதையும் பரீட்சை பார்க்காமல் தூக்கம் வராது. ஒரே வாசிப்பை இரண்டு பியானோக்களிலும், பெயரைச் சொல்லாமல், ஒரே சத்த அளவில் ஒலிக்க வைத்தார். சத்தம் கொஞ்சம் கூடினாலும் காது அதையே நல்லது என்று நம்பிவிடுமாம். தனியாக நின்று கரையும் ஒரு ஸ்வரத்துக்கு அத்தை பதிவுப் பியானோவைத்தான் தேர்ந்தெடுத்தார். பெடலை மிதித்துப் பல ஸ்வரங்கள் ஒன்றோடொன்று கலந்து முழங்கும் இடத்தில், தயங்காமல் கணக்குப் பியானோவைக் காட்டினார். "இங்கேதான் தந்திகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன" என்றார். ஆக, இரு கட்சிக்கும் வெற்றி.

உங்கள் வீட்டிலும் குழந்தைக்கு இப்படி ஒன்று வாங்கியிருந்தால், நாதம் வறண்டிருக்கிறது என்று உடனே வேறொன்று வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். முதலில் ஹெட்போனில் கேளுங்கள். பிறகு சுத்தியலை இளக்குங்கள், தந்தியைத் துளி விலக்குங்கள், மைக்கைத் தள்ளி வையுங்கள். ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திருகினால் எது ருசியைக் கொடுத்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும். நிஜப் பியானோவில் வாழ்ந்த காது ஒன்று பக்கத்தில் இருந்தால் பாதி வேலை மிச்சம்.

இப்போது மாலை ஐந்து மணிக்கு என் பெண்ணோடு, கீழ் வீட்டுக் குழந்தைகள் இருவரும் அத்தையிடம் கற்றுக்கொள்கிறார்கள். நாதம் பரிபூரணமாகிவிட்டதா என்று போன வாரம் கேட்டேன்.

"நிஜப் பியானோவில் மந்தர ஸ்தாயியைத் தட்டினால் முழங்காலில் அதிரும். இதில் அது வரவில்லை" என்றார்.

"வேறு?"

"வேறென்ன? உன் பெண்ணுக்கு இடது கை பலவீனம். அதற்கு நீ எந்தத் திருகையும் திருக வேண்டாம். நான் பார்த்துக்கொள்கிறேன்!"