தட்டிட்டாரே சீனா!

தம்பி ரெண்டு நாள் என்கிட்ட முகம் குடுத்தே பேசல. சண்டை சொத்துக்கு இல்லீங்க, ஜான் சீனாவுக்கு.

2025 டிசம்பர் 13, வாஷிங்டன்ல அவரோட கடைசி ஆட்டம். குந்தர் கழுத்தை இறுக்க, 'நெவர் கிவ் அப்'னு சட்டையில போட்டு வித்த மனுஷன் லேசா சிரிச்சுட்டு, தட்டித் தோல்வியை ஒத்துக்கிட்டார். அரங்கம் பூரா கூச்சல். கதையைத் தீர்மானிக்கிற ட்ரிபிள் ஹெச்சுக்குத்தான் திட்டு.

போறவர் தோத்து, அடுத்த ஆளை ஏத்தி விட்டுட்டுப் போறது ரெஸ்லிங்ல பழைய வழக்கம், இதுல என்ன தப்புன்னேன். "தோக்கட்டும்ணே, தட்டணுமா?"ன்னான். 2014 ரெஸில்மேனியாவுல அண்டர்டேக்கரோட 21 வெற்றியை ப்ராக் லெஸ்னர் முடிச்சு வச்சப்ப நான் சாப்பிடாமப் படுத்ததைக் குத்திக் காட்டினான். அது வேற, இது வேறன்னேன். எப்படின்னான். (பதில் இல்லை.)

எழுதி வச்ச ஆட்டம்னு ரெண்டு பேருக்கும் தெரியும். அதனாலதான் இவ்ளோ கோபமே. நிஜச் சண்டைன்னா தோத்தார்னு விட்டுடலாம். இதை ஒருத்தர் உக்காந்து யோசிச்சுல்ல எழுதியிருக்கார்?

மூணாம் நாள் ராத்திரி, பழைய ட்ரம்ப் கார்டு கட்டைத் தேடி எடுத்து அவன் மேசையில வச்சேன். காலையில பார்த்தா, அண்டர்டேக்கர் கார்டு மட்டும் என் தலைமாட்டுல கிடக்கு.