வாய் திறக்கக் கூடாத எழுத்தாளர்

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்து எழுத்தாளர் பட்டறையில் ஒரு மாணவரின் கதை விவாதத்துக்கு வரும்போது, அறையில் பேசக் கூடாத ஒரே ஆள் மரபுப்படி அதை எழுதியவர்தான். நகல்கள் முன்பே எல்லோர் கைக்கும் போய், ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகளோடு திரும்பி வந்திருக்கும். இந்தப் பாட்டி எதற்குக் கதையில் என்பார் ஒருவர். பாட்டி இல்லாவிட்டால் கதையே இல்லை என்பார் எதிரே இருப்பவர். எழுதியவர் தலையைக் குனிந்து குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் நிலைமை.

விதியில் நியாயம் இல்லாமல் இல்லை. அச்சான கதையோடு கூடவே போய், ‘நான் சொல்ல வந்தது அதுவல்ல’ என்று வாசகரிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாதே.

ஆய்வேட்டுக்குப் பதில் கதையையோ கவிதையையோ கொடுத்துப் பட்டம் வாங்கலாம் என்று அயோவா 1922-இல் வழிவிட்டது. பட்டறை 1936-இல் வந்தது. 1941 முதல் கால் நூற்றாண்டுக் காலம் அதை நடத்தியவர் கவிஞர் பால் எங்கிள். இரண்டாம் உலகப் போர் முடிந்து, அரசுச் செலவில் படிக்க வந்த முன்னாள் வீரர்களால் வளாகம் நிரம்பியது. ஆற்றோரத்துத் தகரக் கொட்டகைகளில் வகுப்பு நடந்தது.

இதழியல் படிக்கவென்று 1945-இல் தென் மாநிலமான ஜார்ஜியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண் எங்கிளின் அறைக்குப் போய் ஏதோ சொன்னார். அந்தத் தெற்கத்திப் பேச்சு எங்கிளுக்குப் பிடிபடவில்லை. எழுதிக் காட்டச் சொன்னார். தன் பெயரையும், தான் பத்திரிகைக்காரி இல்லை என்பதையும், பட்டறையில் சேர முடியுமா என்ற கேள்வியையும் அந்தப் பெண் எழுதிக் கொடுத்தார். அவர்தான் பின்னாளில் பெயர்பெற்ற எழுத்தாளர் ஃபிளானரி ஓ’கானர். 1947-இல் அவர் பட்டத்துக்குக் கொடுத்தது ஒரு சிறுகதைத் தொகுப்பு.

எழுத்தைச் சொல்லித்தர முடியுமா என்ற பழைய சண்டையில் பட்டறையே எதிரணியில்தான் நிற்கிறது: முடியாது, எழுதுபவரை ஊக்கப்படுத்தலாம், அவ்வளவுதான் என்பது அதன் அதிகாரபூர்வ நிலை. ஆனால் வாசிக்கச் சொல்லித்தரலாம். 1965 முதல் 1967 வரை அங்கே ஆசிரியராக இருந்த கர்ட் வானகட் கொடுத்த வீட்டுப்பாடம் ஒன்றைப் பாருங்கள். ஒரு தொகுப்பிலுள்ள கதைகளுக்கெல்லாம் மாணவர்கள் மதிப்பெண் போட வேண்டும். பிறகு, ஓர் இலக்கியப் பத்திரிகையின் சின்ன உதவியாசிரியராகத் தங்களைப் பாவித்துக்கொண்டு, உலகம் அலுத்துப்போன மேலாசிரியருக்கு, மிகவும் பிடித்த மூன்று, பிடிக்காத மூன்று என ஆறு கதைகளைப் பற்றி அறிக்கை எழுத வேண்டும். தேர்வறை மொழி செல்லாது. பல ஆங்கிலத் துறைகளின் பாடத்திட்டத்தைவிட இந்த ஒரு பயிற்சி மேல் என்றே சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் பட்டறையின் மௌனம் எல்லோருக்கும் ஒரே எடையாக இருப்பதில்லை. சிகாகோவில் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்த சாண்ட்ரா சிஸ்னெரோஸ் 1978-இல் இங்கே பட்டம் பெற்றார். ஒரு கருத்தரங்கில் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் பாஷ்லார் வீட்டைப் பற்றி எழுதிய நூலை வைத்துப் பேச்சு நடந்தது. சகமாணவர்கள் பரண், மாடிப்படி என்று பேச, வாடகைக் குடியிருப்புகளில் வளர்ந்தவருக்கு அப்படியொரு வீட்டின் நினைவே கிடையாது. அவர் வாயைக் கட்டியது பட்டறை விதி அல்ல. வெட்கம், பிறகு கோபம். இவர்களில் யாராலும் எழுத முடியாததைத்தான் எழுதுவது என்று முடிவெடுத்தார். அதிலிருந்து வந்தது 1984-இல் வெளியான ‘தி ஹவுஸ் ஆன் மேங்கோ ஸ்ட்ரீட்’. அமெரிக்கப் பள்ளிகளில் இன்று அது பாடநூல். பட்டறை பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பெயர்களில் அவருடையதும் ஒன்று. அவரோ அங்கே கழித்த நாட்களைப் பெரிதாகப் பாராட்டியதில்லை.

வாயடைப்பு விதியையே இப்போது கேள்வி கேட்கிறார்கள். எழுத்தாளர் மேத்யூ சலெஸஸின் 2021-இல் வெளியான நூல், மேசையைச் சுற்றி இருக்கும் பெரும்பான்மைக்குப் பழகிய வாசகரே எல்லாக் கதைக்கும் அளவுகோலாகிவிடுகிறார் என்று வாதிட்டு, மாற்று முறைகளை முன்வைக்கிறது. எழுதியவரே தன் கேள்விகளோடு விவாதத்தைத் தொடங்குவது அவற்றில் ஒன்று. அப்படித் தொடங்கும் வகுப்பில், பாட்டி எதற்கு என்று யாரும் கேட்பதற்கு முன்பே, அவள் யாருக்காக வந்திருக்கிறாள் என்று எழுதியவர் சொல்லிவிடலாம்.